காயைத் தின்றுவிட்டுப் பழத்தைத் திட்டாதீர்கள்

துரியனில் வெங்காய வாடை அடித்தது. மங்குஸ்தான் கைக்கு உடையவே இல்லை. டிராகன் பழத்தில் ருசியே இல்லை. கறுப்பு சப்போட்டா நாக்கைப் பிடித்து இழுத்தது. வெப்பமண்டலப் பழம் ஒன்றை முதன்முதலாக வாயில் வைத்தவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய இவ்வளவுதான். இதில் பழத்தின் இயல்பு என்று ஒப்புக்கொள்ளக்கூடியது கொஞ்சம். மிச்சமெல்லாம் நாள் தவறி வெட்டியதால் வருவது. அது இன்னும் காயாக இருந்திருக்கும், வெம்பிப்போயிருக்கும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் கிடந்து பாழாகியிருக்கும். பழக்கமான பழமென்றால் தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிடும். புதுப் பழத்துக்கு எதைத் தொட வேண்டும், எங்கே முகர வேண்டும் என்பதே தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு கத்தியை எடுத்தால் பாதி ஏமாற்றம் தப்பும்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கையில் இருப்பது பறித்த பிறகும் பழுக்கும் சாதியா, பழுக்காத சாதியா? மா, பப்பாளி, பலா, சப்போட்டா, சீத்தா வகைகள், துரியன், மங்குஸ்தான், பேஷன் பழம் எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும். இவை தாமே எத்திலீன் வாயுவை விட்டுக்கொண்டு, அந்த வாயுவாலேயே மேலும் கனியும். ரம்புட்டான், லிச்சி, லாங்கன், அன்னாசி, டிராகன் பழம், நட்சத்திரப் பழம் ஆகியவை அப்படியல்ல. பறித்த நாளில் என்ன இனிப்போ அதுதான் கடைசி வரை. தோலின் நிறம் மாறலாம், சதை இளகலாம், ஆனால் இனிப்பு ஏறாது. இரண்டாவது வகையை வாங்கி வைத்துக் காத்திருப்பது வீண். முதல் வகையை அவசரப்பட்டு வெட்டுவது அதைவிட வீண்.

முற்றுவது வேறு, பழுப்பது வேறு. நன்றாக முற்றிய காயைப் பழுக்கப்போட்டால் பழமாகும். முற்றாமல் பறித்த காயை எத்தனை நாள் வைத்தாலும் வெம்பும். மெத்தென்று ஆகும், இனிக்காது. முதல் வகைப் பழங்களில் வரும் ஏமாற்றத்துக்கு அடிவேர் இதுதான். முற்றலை வெளியிலிருந்து கண்டுபிடிக்க ஒவ்வொரு பழத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. மாமே சப்போட்டா என்ற செந்நிறச் சதைப் பழத்தின் பழுப்புத் தோலைக் காம்புக்குப் பக்கத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் முற்றவில்லை, அதை எடுக்க வேண்டாம். ஆரஞ்சோ சிவப்போ தெரிந்தால் முற்றிவிட்டது, வைத்தால் பழுக்கும். நாமறிந்த சப்போட்டாவுக்கும் இதே சோதனைதான்; பச்சையாக இருந்தால் பாலும் துவர்ப்பும் மட்டும்தான் கிடைக்கும்.

முற்றிய காயைப் பழுக்கவைக்க 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் போதும். சீக்கிரம் வேண்டுமானால் காகிதப் பையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு மூடி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் கோத்துக்கொண்டு காம்படியில் பூஞ்சை பிடிக்கும். பழுக்கும் வரை ஃப்ரிட்ஜ் பக்கமே போகக் கூடாது. வெப்பமண்டலப் பழங்களில் பலவற்றுக்கு 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே போனாலே குளிர் அடித்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுகிறது. குளிர் அடித்த காயை வெளியே எடுத்து வைத்தாலும் பழுக்காது. தோல் கறுக்கும், சதை மரத்துப்போகும். பழுத்த பிறகு ஓரிரு நாள் தாங்குவதற்காக உள்ளே வைப்பதில் தவறில்லை.

இனி ஒவ்வொன்றாக. ஆரம்பிப்பதற்கு மங்குஸ்தானைவிடத் தோதான பழம் இல்லை. நாற்றமில்லை, காறல் இல்லை, யாருக்கும் பிடிக்கும். ஆனாலும் முதல் தடவை வாங்குபவர்கள் பெரும்பாலும் பெரிய, பளபளப்பான பழத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். பார்க்க வேண்டியது மூன்று. காம்படியில் இருக்கும் இதழ்கள் பச்சையாக இருக்க வேண்டும்; காய்ந்து பழுப்பாகியிருந்தால் பழசு. இரண்டு விரலால் அழுத்தினால் தோல் லேசாக அமுங்க வேண்டும். மூன்றாவது, பழத்தின் அடிப்பக்கத்தில் பூப்போல ஒரு வடு இருக்கும். அந்தப் பூவில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமுள்ளதைப் பொறுக்குங்கள். சுளைகள் சிறியதாக, பெரும்பாலும் கொட்டையில்லாமல் இருக்கும். நாலு இதழ் பழத்தில் ஒன்றிரண்டு சுளை பெருத்து, அதற்குள் கொட்டை உட்கார்ந்திருக்கும்.

தோல் கல்லாகியிருந்தால் அது காயென்று பொருளல்ல. எங்கோ அடிபட்டிருக்கிறது, அல்லது குளிரில் கிடந்திருக்கிறது. வெறும் 10 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே விழுந்த இடம் ஒரு நாளுக்குள் இறுகிவிடும். அப்படி ஒரு பக்கம் மட்டும் இறுகிய பழத்தில் மறுபக்கம் நன்றாக இருக்கலாம். முழுவதும் இறுகியதை வாங்காதீர்கள்.

வெட்டும்போது நடுவில் சுற்றிவர அரை செ.மீ. ஆழத்துக்கு மட்டும் கத்தியை ஓட்டி, மேல்பாதியைத் திருகி எடுத்தால் வெள்ளைச் சுளைகள் கீழ்ப்பாதியில் கிண்ணத்தில் வைத்தது மாதிரி நிற்கும். கத்தியை ஆழமாக இறக்கினால் தோலின் ஊதாச் சாறு சுளையில் இறங்கித் துவர்க்கும். அந்தச் சாறு துணியில் பட்டால் போகாது, வெள்ளைச் சட்டையோடு உட்காராதீர்கள். சுளையின் மேல் மஞ்சளாகப் பிசின் ஒட்டியிருந்தால் அது பழத்தின் சொந்தப் பால்தான். விஷமல்ல, கசக்கும், சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம். சுளை வெள்ளையாக இல்லாமல் கண்ணாடி போலத் தெரிந்தால் நீர் கோத்த பழம். கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும், இனிப்பு மட்டு. ஆக, மங்குஸ்தான் சுமார் என்று ஒருவர் சொன்னால், அவர் சாப்பிட்டது எந்தச் சுளை என்று கேட்க வேண்டும்.

துரியன் கதை பெரியது. தமிழில் முள்நாறி என்று பேர் வைத்தவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். வாடைக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். 2017-இல் வெளியான துரியனின் மரபணுத் தொகுப்பு ஆய்வு, இந்தச் சேர்மங்களை உண்டாக்கும் மரபணுக்கள் இந்தப் பழத்தில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மூக்கு அந்த வாடைக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும் என்பதால் முதல் வாய் எப்போதும் கடினம், மூன்றாவது வாய் வேறு பழம். இதைத் தெரியாமல் முதல் வாயோடு நிறுத்துபவர்கள் அதிகம்.

எந்த நாட்டுத் துரியன் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது முக்கியம். மலேசியாவில் பழம் தானாக விழும்வரை காத்திருப்பார்கள். விழுந்த பழம் முழு மணத்தோடு, கசப்பும் கலந்து, குழைவாக இருக்கும். ஓரிரு நாளில் சாப்பிட்டுவிட வேண்டும். தாய்லாந்தில் முற்றிய காயை மரத்திலேயே வெட்டி இறக்குவார்கள். சில நாள் கழித்துப் பழுக்கும், வாடை மட்டு, சதை கெட்டி. வாடைக்குப் பயந்தவர்கள் தாய்லாந்தின் மோந்தோங் ரகத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம். மலேசியாவின் முசாங் கிங் ரகம் ருசியில் உச்சம்தான், ஆனால் முதல் பாடமாக அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பழத்தைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் உள்ளே சுளை அசைவது கேட்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து முள் இரண்டின் நுனிகளை விரலால் சேர்த்து அழுத்தினால் லேசாக வளைந்து நெருங்க வேண்டும்; வளையவே இல்லையென்றால் காய். அடியில், ஐந்து கோடுகள் கூடும் இடத்தில் முகர்ந்தால் இனிப்பு வாடை வர வேண்டும். புளித்த வாடை வந்தால் நாளாகிவிட்டது. ஏற்கெனவே வெடித்த பழத்தில் காற்றுப் புகுந்து புளிக்க ஆரம்பித்திருக்கும். ஊசி நுழையும் அளவு துளையிருந்தால் உள்ளே புழு.

உடைக்கும்போது கனத்த கையுறையோ நாலாக மடித்த துண்டோ கட்டாயம். முள் மெல்லிய துணியைக் கிழித்துக்கொண்டு வரும். காம்பைக் கீழே வைத்து, அடியில் கோடுகள் கூடும் இடத்தில் குட்டையான, தடித்த கத்தியை 3 செ.மீ. அளவு இறக்கித் திருகுங்கள். பிளவு விட்டதும் கத்தியை வைத்துவிட்டு இரு கையாலும் பிரியுங்கள். கோட்டை விட்டு நடுவில் வெட்டினால் கத்தி வழுக்கும், கையைத்தான் வெட்டும். பழம் பழுத்திருந்தால் கோடு தானாக வழிவிடும். வழிவிடாத பழத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

முதல் தடவைக்கு இரண்டு சுளை போதும். 100 கிராம் சதையில் ஏறக்குறைய 147 கலோரி, 430 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மதுவோடு சேர்க்கக் கூடாது என்று காலங்காலமாகச் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. மதுவைச் செரிக்க உதவும் ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியைத் துரியன் சாறு கணிசமாகத் தடுப்பதை ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தினர் 2009-இல் சோதனைக்குழாயில் காட்டினார்கள். மனித உடலில் எவ்வளவு என்பது வேறு கேள்வி, ஆனால் இரண்டையும் ஒரே இரவில் சோதித்துப் பார்க்க எந்த அவசியமும் இல்லை. மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில், அதை இன்னொரு டப்பாவில் போட்டு உறையவைத்துவிடுங்கள். சாதாரணமாக மூடி வைத்தால் வெண்ணெயும் பாலும் அந்த வாடையை வாங்கிக்கொள்ளும்.

பார்த்தால் அழுகல், தின்றால் பழம் என்று ஒரு கூட்டம் உண்டு. கறுப்பு சப்போட்டா அதில் முதலிடம். பேர்தான் சப்போட்டா, உண்மையில் கருங்காலி மரத்தின் குடும்பம். பச்சைத் தோல் மங்கி, அழுக்காகி, தொட்டால் விரல் உள்ளே போகும் அளவு குழைந்து, காம்படி இதழ்கள் மேலே தூக்கிக்கொண்டால்தான் அது பழம். கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போது வெட்டினால், அதிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயெல்லாம் மாவு பூசியது போல் வறண்டுவிடும். தண்ணீர் குடித்தாலும் உடனே போகாது. குழைந்ததை வெட்டி, ஸ்பூனால் வழித்து, நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து கலக்குங்கள். சாக்லேட் புட்டிங் என்று சொல்லி விற்கிறார்களே, அது நிறத்துக்கும் பதத்துக்கும் மட்டும் பொருந்தும்; சாக்லேட் ருசியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

முள் சீத்தாவும் அப்படித்தான். முள்கள் விலகி மெத்தென்று ஆக வேண்டும், கரும்பச்சை மங்கி மஞ்சள் ஓட வேண்டும். பழுத்தபின் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். பேஷன் பழத்தில் தோல் சுருங்கியதுதான் நல்லது. வழுவழுப்பானதில் புளிப்பு தூக்கலாக இருக்கும். தோலைச் சாப்பிடக் கூடாது, விதையை மென்று விழுங்கலாம்.

அவசரக்காரர்களுக்கு ஆகவே ஆகாத பழம் மான்ஸ்டெரா. வீட்டுக்குள் அலங்காரத்துக்கு வளர்க்கும் ஓட்டை இலைக் கொடிதான். மெக்சிகோவின் தெற்கிலிருந்து பனாமா வரை அதன் சொந்த ஊர். பூத்துப் பழுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 25 செ.மீ. நீளக் கதிர், மேலெல்லாம் அறுகோணப் பச்சைச் செதில்கள். காயில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் நிறைந்திருக்கும். கடித்தால் வாயும் தொண்டையும் ஊசி குத்தியதாக எரிந்து வீங்கும். கதிரைக் கண்ணாடி டம்ளரில் நிற்க வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். செதில்கள் அடிப்பக்கத்திலிருந்து தாமாகக் கழன்று விழும். எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறதோ அவ்வளவுதான் அன்றைக்குச் சாப்பாடு. மறுநாள் மிச்சம். செதிலை நகத்தால் பெயர்த்து எடுக்க நேர்ந்தால் அந்த இடம் இன்னும் காய். விழுந்த இடத்துச் சதையிலும் கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும், அவற்றைத் துடைத்துவிடுங்கள். அன்னாசியும் வாழையும் கலந்த ருசி. அப்படியும் நாக்கு சுருக்கென்றால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

ரம்புட்டானில் தோலை மட்டும் சுற்றிக் கீறிப் பிதுக்க வேண்டும். கத்தி கொட்டையில் பட்டால் கசக்கும். சதையோடு கொட்டையின் மேல்தோலும் உரிந்து வந்து மரத்தூள் மாதிரி வாயில் நெருடும். அது ரகத்தின் குணம், உங்கள் தவறல்ல. சாலக்கைப் பாம்புத் தோல் பழம் என்பார்கள். கூர்முனையைக் கிள்ளி உரித்தால் தோல் முழுக்கக் கழன்று வரும், உள்ளே சுளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வையும் தேய்த்து எடுத்துவிட்டுக் கடியுங்கள். லாங்சாட் என்ற சின்னத் தென்கிழக்காசியப் பழத்தின் சுளைக்குள் இருக்கும் பச்சை விதையைக் கடித்துவிட்டால் அன்றைக்கு வேறெதுவும் ருசிக்காது.

டிராகன் பழத்தைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெள்ளைச் சதை ரகம் சாதாரணமாகவே மட்டு. சிவப்புச் சதை பரவாயில்லை, மஞ்சள் தோல் ரகம்தான் இனிப்பு. எந்த ரகமானாலும் நடுச்சதைதான் ஓரத்தைவிட இனிக்கும், முதல் துண்டை நடுவிலிருந்து எடுங்கள். சிவப்பைச் சாப்பிட்ட மறுநாள் சிறுநீரும் மலமும் சிவந்தால் பதற வேண்டாம், பழத்தின் நிறமிதான் அது. மஞ்சள் ரகத்தை முழுதாகத் தின்றால் வயிறு இளகும்.

இனி விளையாட்டில்லாத விஷயம். நட்சத்திரப் பழம் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒரு துண்டுகூட ஆகாது. அதிலிருக்கும் கராம்பாக்சின் என்ற நச்சை பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் பிரித்துக் காட்டினார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது வெளியேறிவிடும், இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் தங்கி மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு, உயிர்கள் போயிருக்கின்றன. ஆரோக்கியமானவர்களும் வெறும் வயிற்றில் இதைச் சாறாகக் குடிப்பது சரியல்ல. மிகுதியான ஆக்சலேட் சிறுநீரகத்தில் படியும்.

ஜமைக்காவில் சமைத்துச் சாப்பிடும் அக்கிப் பழமும் லிச்சியும் ஒரே குடும்பம். அக்கிக் காயில் ஹைப்போகிளைசின் என்ற பொருள் உண்டு, ரத்தச் சர்க்கரையை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும். மரத்திலேயே தானாக வாய் பிளந்த அக்கியின் மஞ்சள் சதையை மட்டும், விதையையும் அதனடியில் உள்ள சிவப்பு நாரையும் நீக்கி, வேகவைத்துத்தான் சாப்பிடுவது. மூடியிருப்பதைப் பிளந்து பார்க்கக் கூடாது. புதியவர்கள் டின்னில் வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம். லிச்சியிலும் இதே வகைப் பொருள்கள் இருக்கின்றன. பிகாரின் முசாஃபர்பூரில் குழந்தைகளுக்கு வந்த மூளைப் பாதிப்பை 2014-இல் ஆராய்ந்தபோது, லிச்சி நிறையத் தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு சாப்பிடாமல் படுத்த குழந்தைகளிடம் ஆபத்து கூடுவது தெரிந்தது. முடிவுகள் 2017-இல் வெளியாயின. பயந்து லிச்சியை விட வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டு, அளவாகக் கொடுங்கள், காயாக இருப்பதை ஒதுக்குங்கள்.

சீத்தா குடும்பத்தின் எந்த விதையையும் கடிக்கக் கூடாது. மிக்சியில் ஜூஸ் அடிப்பவர்கள் விதையோடு போட்டு அரைத்துவிடுவார்கள், அதுதான் அபாயம். விதைத்தூள் கண்ணில் பட்டால் விழியைப் புண்ணாக்கும். முள் சீத்தாவை மருந்தாக நினைத்துத் தினமும் இலைக் கஷாயம் குடிப்பதும் வேண்டாம். கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் பார்கின்சனைப் போன்ற நரம்பு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999 முதல் ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். எப்போதாவது ஒரு பழம் தின்பது அந்தக் கணக்கில் வராது.

ரப்பர் கையுறை போட்டால் அரிப்பவர்களுக்கு பப்பாளி, அவகாடோ, பேஷன் பழம், பலா போன்றவற்றிலும் ஒவ்வாமை வரலாம், புரதங்கள் ஒன்றுக்கொன்று சாயலானவை. அன்னாசி நாக்கை அரிப்பது வேறு. அது புரதத்தைக் கரைக்கும் புரோமலைன் என்ற நொதியின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாக்கு மட்டும் காந்தினால் பொறுக்கலாம். உதடு தடித்தாலோ, தொண்டை இறுகினாலோ, உடம்பில் தடிப்பு கிளம்பினாலோ, உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அதனால் ருசி பார்க்கும் முறை இப்படி: ஒரு நாளில் ஒரே ஒரு புதுப் பழம், பகலில், ஏதாவது சாப்பிட்ட பிறகு. விரல்நுனி அளவு சதையை நாக்கில் வைத்து மென்று விழுங்கிவிட்டு அரைமணி நேரம் சும்மா இருங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் இரண்டு வாய். முழுப் பழத்தை மறுநாள் சாப்பிடலாம். இது ஒவ்வாமைக்கு மட்டுமான சோதனை. பேர் தெரியாத காட்டுப் பழத்தை இப்படி நக்கிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சில நச்சுகள் வேலையைக் காட்டப் பல மணி நேரம் ஆகும். ஐஸ் போலக் குளிர்ந்த பழத்தில் மணம் எழும்பாது, அறைச் சூட்டுக்கு வந்ததும் ருசி பாருங்கள். டிராகன் பழம் மட்டும் விலக்கு, அது குளிர்ந்தால்தான் தேறும். மிராக்கிள் பழம் கிடைத்தால் அதைக் கடைசியில் வையுங்கள். அதைத் தின்றபின் அரைமணிக்கும் மேலாக எலுமிச்சைகூட இனித்துக்கொண்டிருக்கும், அதன்பின் வேறெந்தப் பழத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எல்லாம் பார்த்தும் வெட்டிய பிறகு காயென்று தெரிந்தால்? வெட்டிய பலாவையும் பப்பாளியையும் கறிக்குப் போட்டுவிடலாம். பலாப்பால் ஒட்டாமலிருக்கக் கத்தியிலும் கையிலும் முதலிலேயே எண்ணெய் தடவுங்கள். ஒட்டிய பிறகு தண்ணீருக்கு அது அசையாது, எண்ணெய்க்குத்தான் அசையும். துரியனில் சின்னதாகப் பிளவு மட்டும் விட்டிருந்தால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வைத்தால் புளிக்கும். மாமே சப்போட்டாவை வெட்டிவிட்டால் பழுக்காது, வெட்டுவாய் காய்ந்து கறுக்கும். கறுப்பு சப்போட்டாவைக் காயாக வெட்டிவிட்டால் குப்பைக்கூடைதான். அடுத்த தடவை வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, முதலாவது முழுக்கக் குழைந்தபின் அதை வெட்டுங்கள். இரண்டாவதை இன்னும் ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.